கேரி மூரின் 'ஸ்டில் காட் த ப்ளூஸ்': இது ப்ளூஸ்தானா?

7 ஜூன், மாலை. தம்பி ஒருவரின் கேள்வி

அண்ணா, ப்ளூஸ் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு நீங்கள் கொடுத்த பட்டியலில் கிடார் கலைஞர் கேரி மூரின் 1990 ஆல்பமும் இருக்கிறது. முழுக்கக் கேட்டேன். சத்தம் அதிகம், வேகம் அதிகம். பி.பி. கிங் ஒரு ஸ்வரத்தில் முடிப்பதை இவர் நீட்டி முழக்குகிறார். ஹெவி மெட்டல் ஓடவில்லை என்றதும் ப்ளூஸ் பக்கம் ஒதுங்கியவர் என்கிறார்கள். தலைப்புப் பாட்டின் சோலோவே திருட்டு என்று கோர்ட் சொல்லிவிட்டதாமே? பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமே.

7 ஜூன், இரவு

எடுக்க மாட்டேன் தம்பி. விரிவாக நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டுகளை விட்டுவிட்டு, அவற்றை யார் எழுதினார்கள், முதலில் யார் பாடினார்கள் என்று மட்டும் பாருங்கள்.

8 ஜூன், காலை

நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது வருடங்களைப் பக்கத்தில் எழுதிக்கொள்வோம். மூர் பிறந்தது 1952 ஏப்ரலில், பெல்ஃபாஸ்ட்டில்.

'ஆல் யுவர் லவ்' ஓடிஸ் ரஷ்ஷின் பாட்டு. ஆனால் பிரிட்டனில் கிடார் பிடித்த பையன்கள் பலருக்கும் அது ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு. எரிக் கிளாப்டன் கிடார் வாசித்த, 1966-இல் வந்த அந்த ஆல்பம்தான். மூருக்கு அப்போது 14 வயது. 'ஓ ப்ரெட்டி வுமன்', 'ஆஸ் த இயர்ஸ் கோ பாஸிங் பை' இரண்டும் ஆல்பர்ட் கிங் ஸ்டாக்ஸ் கம்பெனிக்காகப் பாடி 1967-இல் வந்த ஒரே ஆல்பத்தில் இருப்பவை. மூருக்கு 15. 'ஸ்டாப் மெஸ்ஸின் அரவுண்ட்' பீட்டர் கிரீனின் ஃப்ளீட்வுட் மேக் 1968-இல் போட்ட ஆல்பத்தின் முதல் பாட்டு. மூருக்கு 16. அந்த வயதில்தான் அவர் பெல்ஃபாஸ்ட்டை விட்டு டப்ளினுக்குப் போய் ஸ்கிட் ரோ என்ற குழுவில் சேர்ந்தார் (பின்னால் வந்த அமெரிக்க ஸ்கிட் ரோ வேறு). 'வாக்கிங் பை மைசெல்ஃப்' ஜிம்மி ராஜர்ஸ் 1956-இல் பதிவு செய்தது. 'டூ டயர்ட்' ஜானி கிடார் வாட்சனின் 1955 பாட்டு.

ப்ளூஸ் பக்கம் ஒதுங்கியவர் போடுகிற பட்டியலா இது? ஒதுங்க வந்தவர், கேட்பவர்களுக்கு ஏற்கெனவே பழகிய நாலு பாட்டைப் பொறுக்கியிருப்பார். இது ஒரு பையன் 14 வயதிலிருந்து 16 வயதுவரை எந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டான் என்பதன் கணக்கு. ஆல்பத்தின் முன்னட்டையும் அதைத்தான் காட்டுகிறது. கட்டிலில் கிடாரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன்.

என் வாதம் இதுதான். ப்ளூஸ் இவருக்குப் பின்னால் வந்த வேடம் இல்லை. முதலில் இருந்தது அதுதான், நடுவில் வந்தவைதான் மற்றதெல்லாம்.

8 ஜூன், மதியம்

"நடுவில் வந்தவை" என்று ஒரே வரியில் தள்ளியது நியாயமில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரிதான், அது சின்ன வாழ்க்கை இல்லை. தின் லிஸி என்ற ராக் குழுவில் மூன்று தடவை வந்து போனார், 1979-இல் வந்த 'பிளாக் ரோஸ்' ஆல்பத்தில் வாசித்தார். டான் ஏரியோடு கொலாசியம் 2 குழுவில் ஜாஸ் ராக். அப்புறம் எண்பதுகள் முழுக்கத் தன் பெயரில் ஹார்ட் ராக். தின் லிஸி பாடகர் பில் லைனட்டோடு சேர்ந்து பாடிய 'அவுட் இன் த ஃபீல்ட்ஸ்' 1985-இல் பெரிய ஹிட். அடுத்த ஜனவரியில் லைனட் இறந்துபோனார். 1987-இன் 'வைல்ட் ஃப்ரான்டியர்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் போன ஆல்பம். ஆக "ஓடவில்லை என்றதும்" என்பது பொருந்தாது. ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து இறங்கியவர் அவர்.

1989-இல் 'ஆஃப்டர் த வார்' பயணத்தின்போது, மேடைக்குப் பின்னால் விரல் சூடாக்க அவரும் பாஸ் கிடார் வாசித்த பாப் டெய்ஸ்லியும் பழைய ப்ளூஸ்பிரேக்கர்ஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். முழு ப்ளூஸ் ஆல்பமே போடலாமே என்று டெய்ஸ்லி சொன்னது அங்கேதான். மேடையில் மெட்டல், மேடைக்குப் பின்னால் ப்ளூஸ். எது வேலை, எது விருப்பம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

8 ஜூன், இரவு

கிடாரைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பீட்டர் கிரீனின் லெஸ் பால் (கிப்சன் கம்பெனியின் ஒரு கிடார் ரகம்) கதை எல்லோருக்கும் பிடித்த கதை, சொல்லிவிடுகிறேன்.

கிரீன் ஃப்ளீட்வுட் மேக்கை விட்டு விலகிய பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், தன் 1959 லெஸ் பாலை மூரிடம் கொடுத்து வைத்தார். பிறகு நீயே வாங்கிக்கொள் என்றார். விலை? மூர் தன்னிடமிருந்த எஸ்.ஜி. கிடாரை விற்று, அது எவ்வளவுக்குப் போகிறதோ அவ்வளவு கொடுத்தால் போதும். கிரீனுக்குப் பணம் முக்கியமாக இல்லை, கிடார் நல்ல கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) காந்தம் திரும்பியிருப்பதால், இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலி மெலிந்து, உள்ளே வெறுமையானாற்போல, மூக்கால் பாடுகிற மாதிரி வரும். சாதாரண லெஸ் பாலில் அது வராது. மூர் 2006-இல் அதை விற்றார். 2014-லிருந்து மெட்டாலிகாவின் கிர்க் ஹாம்மெட்டிடம் இருக்கிறது.

ஆனால் 'ஸ்டில் காட் த ப்ளூஸ்' பாட்டு அந்தக் கிடாரில் வாசித்தது என்று எழுதுகிறார்களே, அது சரியில்லை. அது எண்பதுகளின் கடைசியில் மூர் வாங்கிய இன்னொரு 1959 லெஸ் பால். அதை மார்ஷல் ஆம்ப்பில், கவ்னர் என்ற ஒலி மாற்றும் பெடல் வழியாக வாசித்தார். கிரீனின் கிடாரைக் கேட்க வேண்டுமானால் 1995-இல் வந்த 'ப்ளூஸ் ஃபார் கிரீனி' கேளுங்கள். முழுக்கக் கிரீனுக்குச் செய்த மரியாதை அது.

9 ஜூன், காலை

தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "வரலாறு எல்லாம் சரி அண்ணா, காதில் விழுவது சத்தம்தானே?"

சத்தத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் நண்பர்களோடு ஹோட்டல் ஒன்றில் வார இறுதிகளில் வாசித்துவந்தேன். தலைப்புப் பாட்டு எங்கள் வழக்கமான பாட்டுகளில் ஒன்று. சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு என்று ஆம்ப்பின் வால்யூமை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்வார்கள். அந்த வால்யூமில் ஒரு ஸ்வரத்தை வளைத்துப் பிடித்தால் இரண்டு நொடிக்குள் செத்துவிடும். மூர் நீட்டுகிற இடத்தில் என்னிடம் ஒன்றுமே இருக்காது. அந்த ஓட்டையை அடைக்க விரல் தானாக நாலைந்து ஸ்வரங்களைப் போட்டுவிடும். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு, மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே ஆம்ப்பைத் திருகிவிட்டு அதே வரியை வாசித்தேன். ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று கம்பியை மறுபடி மறுபடி உலுக்க, ஸ்வரம் விரலை விட்டுப் போகவே இல்லை. நான் வாசித்த ஸ்வரங்கள் பாதியாகக் குறைந்தன.

சத்தமாக வாசிப்பதும் அதிகமாக வாசிப்பதும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எதிரெதிரானவை. ஸ்வரத்துக்கு நீளம் கொடுப்பதே அந்தச் சத்தம். மேடையில் 'பாரிசியன் வாக்வேஸ்' பாட்டில் மூர் ஒரே ஸ்வரத்தை மூச்சு முட்டுகிற அளவுக்கு நீட்டி நிறுத்துவார், பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஆம்ப்பை இறக்கி வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

வேகம் என்ற குற்றச்சாட்டு வேறு. அதற்கு வருகிறேன்.

9 ஜூன், இரவு

இப்போது 'ஓ ப்ரெட்டி வுமன்'. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், இந்த ஆல்பத்தின் பாதி வழக்கு அங்கே தீர்ந்துவிடும்.

இந்தப் பாட்டில் ஆல்பர்ட் கிங்கே வந்து வாசிக்கிறார். அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிடாரைத் தலைகீழாகப் பிடிப்பார், கம்பிகளை மாற்றிக் கட்ட மாட்டார். அதனால் மெல்லிய கம்பி மேலே இருக்கும். மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கிற கம்பியை அவர் கீழே இழுத்து வளைப்பார். கையின் முழு பலமும் அந்த இழுப்பில் போகும். சுருதியையும் இறக்கி வைத்திருப்பார், கம்பி தளர்வாக இருக்கும். ஒரே இழுப்பில் ஸ்வரம் எங்கெங்கோ ஏறி, நின்று, இன்னும் கொஞ்சம் ஏறும். (கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். எனக்கு ஆல்பர்ட் கிங்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.)

வேடிக்கை என்னவென்றால் மூரும் பிறவி இடதுகைக்காரர்தான். ஆனால் வலதுகைக்காரர்களைப் போல வாசிக்கப் பழகினார். அதாவது, கம்பியை அழுத்தும் ஃப்ரெட்டின் மேல் இருப்பது அவருடைய பலமான கை. ஸ்வரத்தை ஆட்டும் அவருடைய வைப்ரேட்டோவின் அகலம் அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

பக்கத்தில் ஆல்பர்ட் கிங் இருக்கும்போது மூர் எப்படி வாசிக்கிறார் என்று கவனியுங்கள். கிங் மூன்று நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அந்த நிறுத்தம் அவருடைய வாசிப்பில் ஒரு பாகம். மூர் பாய்கிறார், ஆனால் முட்டவில்லை. கிங் போட்ட முற்றுப்புள்ளியின் மேல் அவர் ஏறி நிற்பதில்லை. தனக்குப் 15 வயதில் கிடைத்த பாட்டை, அதைப் பாடியவரின் பக்கத்திலேயே நின்று வாசிக்கிற மனிதனின் மரியாதை அதில் கேட்கிறது. போதாதென்று 'கிங் ஆஃப் த ப்ளூஸ்' என்று அவருக்காகவே ஒரு பாட்டையும் எழுதி வைத்திருக்கிறார்.

'டூ டயர்ட்' பாட்டில் வருவது ஆல்பர்ட் காலின்ஸ். டெலிகாஸ்டர் கிடார், மைனரில் திறந்த சுருதி, கழுத்தில் உயரமாகக் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பிக் கிடையாது, வெறும் விரல். கம்பியைச் சுண்டினால் சில்லென்று தெறிக்கும். இது சண்டை மாதிரி இருக்கும், ஆனால் சந்தோஷமான சண்டை. 'தட் கைண்ட் ஆஃப் வுமன்' பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிக் கொடுத்து, தானே ஸ்லைடு கிடாரும் வாசித்தது. நல்ல பாட்டுதான், ஆனால் இந்த ஆல்பத்தில் அது விருந்தாளியாகவே இருக்கிறது.

10 ஜூன், மதியம்

கோர்ட் விஷயம். நடந்தது இவ்வளவுதான்: ஜட்ஸ் கேலரி என்ற ஜெர்மன் குழு 1974-இல் 'நோர்ட்ராக்' என்று ஒரு பாட்டு வாசித்தது. அதன் கிடார் பகுதியும் மூரின் தலைப்புப் பாட்டின் கிடார் பகுதியும் ஒன்றுபோல இருப்பதாக வழக்கு. 2008 டிசம்பரில் மியூனிக் நீதிமன்றம் மூருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை என்றார் மூர். 1990-க்கு முன் அது இசைத்தட்டாகக் கடையில் கிடைக்கவும் இல்லை. ரேடியோவிலோ நேரடி நிகழ்ச்சியிலோ கேட்டிருக்க வாய்ப்பு உண்டு என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பிறகு இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் கிடார் வாசிக்கிற யாரும் அந்தப் பாட்டின் அடியில் இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். டி மைனர், ஜி, சி, எஃப், பி, இ, கடைசியில் ஏ மைனர். வட்டமாகச் சுற்றி வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). 'ஆட்டம் லீவ்ஸ்' சுற்றுவது இதே பாதையில்தான். மூர் 1979-இல் ஹிட் ஆக்கிய 'பாரிசியன் வாக்வேஸ்' இதே குடும்பம். இந்த வட்டத்தின் மேல் ஒரு மெட்டை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறக்கி வாசித்துக்கொண்டு வந்தால், அது எங்கே போய் நிற்கும் என்பதைப் பாதி கார்டுகளே முடிவு செய்துவிடும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் போய்ச் சேர்வது இங்கே அதிசயமே இல்லை. தனக்குச் சொந்தமான 'பாரிசியன் வாக்வேஸ்' பாதையில் நடந்தவர் வேறொருவரிடம் எடுக்க வேண்டிய தேவை என்ன? என் மனசு மூர் பக்கம்தான்.

10 ஜூன், இரவு

மேலே எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் தலைப்புப் பாட்டு ப்ளூஸே இல்லையே? ப்ளூஸுக்கு வழக்கமான பன்னிரண்டு பார் சுற்று இல்லை, வட்டக் கார்டு, வயலின்கள் வேறு.

ஆமாம், கட்டுமானத்தில் அது ப்ளூஸ் இல்லை. அது ஒரு சோகப் பாட்டு, அதன் மேல் ப்ளூஸ் விரல்கள். நம் ஊரில் ப்ளூஸ் பக்கமே வராதவர்களுக்குக்கூட இந்த ஒரு பாட்டு மட்டும் தெரிந்திருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஏ மைனர் முழுக்க நடபைரவி. இ கார்டு வரும்போது நிஷாதம் அரை ஸ்வரம் ஏறிக் கீரவாணி ஆகிவிடுகிறது. சினிமாப் பாட்டிலிருந்து கச்சேரிவரை நமக்குப் பழகிய வருத்தம் அது. பியானோ வாசித்திருப்பவர் நிக்கி ஹாப்கின்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவுகளில் வாசித்தவர். அவர் எவ்வளவு ஒதுங்கி வாசிக்கிறார் என்று ஒரு தடவை கிடாரை மறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தலைப்புப் பாட்டை வைத்து ஆல்பத்தை அளக்கக் கூடாது. பல வருடமாகக் கேட்டதில் எனக்கு 'மிட்நைட் ப்ளூஸ்' அதைவிட மேலே போய்விட்டது. அதில் மூர் குரலைத் தாழ்த்திப் பாடுகிறார், கிடாரும் தாழ்ந்தே பேசுகிறது. வயலின் அதிலும் உண்டு, ஆனால் உறுத்தவில்லை. 'ஆஸ் த இயர்ஸ் கோ பாஸிங் பை' அதற்கும் மேலே. வரிகளுக்கு இடையில் கிடார் பதில் சொல்லும் இடங்களில் அவசரமே இல்லை. வேகமாக வாசிக்கத் தெரிந்தவர் வேண்டாம் என்று வைத்திருக்கிறார் என்பது கேட்கும்போதே தெரிகிறது.

11 ஜூன், காலை

வேகத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தம்பி சொல்வதில் நியாயம் உள்ள இடம் இது. 'டெக்சஸ் ஸ்ட்ரட்' பாட்டில் மூர் அடங்கவில்லை. 'ஸ்டாப் மெஸ்ஸின் அரவுண்ட்' சோலோவில் கிரீன் புன்னகைத்துவிட்டுப் போன இடத்தை இவர் கைதட்டல் கேட்கிற இடமாக மாற்றிவிடுகிறார். கிரீனிடம் கற்றவர் கிரீனின் பாட்டிலேயே கிரீனை விட்டு விலகுகிறார். எனக்கு அங்கே கிரீன்தான் வேண்டும்.

அதே சமயம் ஒன்று. ஓடிஸ் ரஷ், பட்டி கை போன்ற சிகாகோ ஆட்கள் அமைதியானவர்களா? பட்டி கை மேடையில் வாசிப்பதைக் கேட்டவர்கள் ப்ளூஸ் என்றால் அடக்கம் என்று சொல்ல மாட்டார்கள். கத்துவதும் ப்ளூஸில் உண்டு. பி.பி. கிங் ஒருவரை மட்டும் அளவுகோலாக வைத்தால் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

11 ஜூன், இரவு

"அப்போது ப்ளூஸ் மறுபடி விலைபோகத் தொடங்கிய நேரம், அதைப் பிடித்துக்கொண்டார்" என்று ஒருவர். 1986-இல் ராபர்ட் க்ரே, 1989-இல் ஜான் லீ ஹூக்கரின் 'த ஹீலர்', இவை ஏற்கெனவே வந்திருந்தன, உண்மை. ஆனால் பட்டி கையின் பெரிய மறுவரவு 1991, கிளாப்டனின் முழு ப்ளூஸ் ஆல்பம் 1994. மூர் 1990. அலையின் நடுவில் குதித்தவர் இல்லை, அலை எழும்பும்போதே உள்ளே இருந்தவர்.

பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஆல்பம் 83-ஆம் இடம்வரை போனது, அந்த நாட்டில் அவருக்குக் கிடைத்ததில் அதுதான் பெரியது. அடுத்த ஆல்பமான 'ஆஃப்டர் அவர்ஸ்' 1992-இல் பிரிட்டனில் 4-ஆம் இடம். அதில் பி.பி. கிங்கும் வந்து வாசித்தார். தம்பி, இதை உங்கள் அளவுகோலுக்காகச் சொல்கிறேன்.

அந்த 1992 டிசம்பரில் ஆல்பர்ட் கிங் போனார். அடுத்த வருடம் நவம்பரில் ஆல்பர்ட் காலின்ஸ். மூர் இந்த ஆல்பத்தை மூன்று நாலு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த இரண்டு பாட்டும் நமக்கு இப்படிக் கிடைத்திருக்காது. மூரும் 2011 பிப்ரவரியில் ஸ்பெயினில் இறந்துபோனார், வயது 58.

13 ஜூன், மாலை

தம்பி: "சரி அண்ணா, பட்டியலில் இருக்கட்டும். நான் கிடார் கற்றுக்கொள்கிறேன், இதிலிருந்து எதை எடுத்து வாசிக்கலாம்?"

சந்தோஷம். 'வாக்கிங் பை மைசெல்ஃப்' எடுங்கள். தலைப்புப் பாட்டை இப்போது தொட வேண்டாம், அதன் ஸ்வரங்கள் சுலபம், வளைப்பு கஷ்டம். வளைத்த ஸ்வரம் சரியான சுருதியில் போய் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி: முதலில் இரண்டு ஃப்ரெட் தள்ளி அந்த ஸ்வரத்தை நேராக வாசித்துக் காதில் வாங்குங்கள், பிறகு கீழ் ஃப்ரெட்டிலிருந்து வளைத்து அதைத் தொடுங்கள். ஒரு விரலால் தள்ளாதீர்கள். மோதிர விரல் தள்ளட்டும், பின்னால் இரண்டு விரல் முட்டுக் கொடுக்கட்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். வைப்ரேட்டோ அப்புறம்தான், ஸ்வரம் போய்ச் சேர்ந்து நின்ற பிறகு. போய்ச் சேராத ஸ்வரத்தை ஆட்டினால் அபஸ்வரம்தான் ஆடும்.

14 ஜூன், காலை

எந்தப் பதிப்பு வாங்குவது என்று கேட்டவருக்கு: எல்பியில் 9 பாட்டு, சிடியில் 12. 'ஆல் யுவர் லவ்', 'ஸ்டாப் மெஸ்ஸின் அரவுண்ட்', ஹாரிசன் பாட்டு மூன்றும் சிடியில்தான். எனவே எல்பியின் அட்டை அழகுக்காக அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பின்னால் வந்த ரீமாஸ்டர் பதிப்பில் இன்னும் ஐந்து பாட்டு சேர்த்திருக்கிறார்கள், அதில் 'த ஸ்டம்பிள்' இருக்கிறது. ஃப்ரெடி கிங்கின் வாத்தியப் பாட்டு அது, பீட்டர் கிரீன் ப்ளூஸ்பிரேக்கர்ஸில் இருந்தபோது 1967-இல் வாசித்தது. அந்த ஒன்றுக்காகவே ரீமாஸ்டரை வாங்கலாம்.